கோப்பிக்கான முற்பணத்தைக் கொழும்பு கொடுக்கட்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

மலைநாட்டில் வீட்டுத்தோட்டங்களில் கோப்பி வளர்க்கும் சிறு செய்கையாளர்கள், கூட்டுறவுச் சங்கங்கள் ஊடாகத் தமது விளைச்சலைக் கொழும்பு நுகர்வோருக்கு நேரடியாக விற்க வேண்டும் என்ற யோசனையை நான் முழுமனதுடன் ஆதரிக்கிறேன். ஆனால் இதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அழகிய பொதி, வணிகப் பெயர், விளம்பரம் என்றே தொடங்குகிறார்கள். கூட்டுறவுத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அதற்கும் முன்னால் தீர்க்கப்பட வேண்டிய காரியம் ஒன்று இருப்பதைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். பழம் பறிக்கும் காலத்தில் விவசாயிக்குக் கைக்காசு எங்கிருந்து வருகிறது என்பதே அது.

கோப்பிச் செடியில் எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுப்பதில்லை. ஒரே கொப்பில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் கலந்து நிற்கும். நல்ல கோப்பி வேண்டுமென்றால் சிவந்த பழத்தை மட்டும் தெரிந்து பறிக்க வேண்டும். அதற்கு அதே செடிக்கு வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வர வேண்டும். வாசலுக்கு வரும் வியாபாரியோ பழுத்ததற்கும் பழுக்காததற்கும் ஒரே விலைதான் கொடுக்கிறார். அவரிடம் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கோ மருந்துச் செலவுக்கோ ஏற்கெனவே முற்பணம் வாங்கியிருந்தால், கொப்பை ஒரே உருவாக உருவிக் கொடுத்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. அப்படி உருவிய பழத்தைத் தோலோடு சாக்கில் பரப்பித் தார் வீதியோரத்தில் காயவிடுவதைப் புசல்லாவைப் பக்கம் நானே பார்த்திருக்கிறேன். மழை இருட்டிக்கொண்டு வந்ததும் வீட்டுப் பெண் ஓடிவந்து சாக்கை மடித்து உள்ளே இழுத்தார். மழை விட்டதும் அதே ஈரச் சாக்கை மீண்டும் விரித்தார். வாகனப் புகையும் புழுதியும் பூஞ்சணமும் படிந்த அந்தக் கொட்டை, வேறு பல ஊர்க் கொட்டைகளோடு கலந்து அரைபட்டுக் கொழும்புக் கடைக்கு வரும்போது, பொதியின் மேல் நிறையும் விலையும் காலாவதித் திகதியும் இருக்கும். விளைந்த ஊரின் பெயர் இருக்காது. அதைக் குடித்துவிட்டு, உள்ளூர்க் கோப்பி தரமில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அந்த மண்ணுக்கும் அந்தப் பெண்ணின் உழைப்புக்கும் நாம் செய்யும் பெரிய அநியாயம் இது என்றே நான் கருதுகிறேன்.

முறையாகச் செய்வதென்றால், பறித்த பழத்தைத் தண்ணீரில் இட்டு மிதக்கும் சொத்தைகளை நீக்கி, அன்றைக்கே தோலுரித்து, வழவழப்புப் போகக் கழுவி, தரையில் படாமல் வலைப் பரண்களில் ஈரப்பதன் பத்து முதல் பன்னிரண்டு வீதமாகக் குறையும் வரை உலர்த்த வேண்டும். ஏறக்குறைய 6 கிலோ பழத்திலிருந்து 1 கிலோ பச்சைக் கொட்டைதான் கிடைக்கும். வறுக்கும்போது அதிலும் ஐந்தில் ஒரு பங்கு வரை நிறை குறைந்துவிடும். நாம் வாங்கும் 250 கிராம் தூளுக்குப் பின்னால் ஒன்றே முக்கால் கிலோவுக்குக் குறையாத பழம் இருக்கிறது. வேலிக்கரையில் பத்து இருபது செடி வைத்திருக்கும் ஒரு குடும்பம் தோலுரிக்கும் இயந்திரத்தையும் பரணையும் ஈரமானியையும் தனியே வாங்க முடியாது. ஊர் சேர்ந்து வாங்கலாம். கூட்டுறவுச் சங்கம் இருப்பது இதற்காகத்தான்.

இயந்திரத்தை யாராவது நன்கொடையாகக் கொடுத்துவிடுவார்கள். சங்கம் இடறி விழுவது அதற்கு அடுத்த படியில். பழம் கொண்டுவரும் அங்கத்தவருக்கு அன்றைக்கே பணம் கொடுக்க வேண்டும். ஆனால் அந்தப் பழம் தூளாகி விற்றுப் பணமாக மாதங்கள் செல்லும். இடைப்பட்ட காலத்தைத் தாங்கும் நடைமுறை மூலதனம் இல்லாத சங்கம், “அடுத்த வாரம் வாருங்கள்” என்று சொல்லும். அடுத்த வாரம் அவர் வரமாட்டார். பழைய வியாபாரியிடமே போவார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. வியாபாரியையும் முழுதாகக் குறைசொல்ல மாட்டேன், ஏனென்றால் அவசரத்துக்குக் காசு கொடுப்பவர் அவர் ஒருவர்தான். நல்ல கட்டடமும் நல்ல இயந்திரமும் இருந்தும், கொள்வனவுக்குப் பணமில்லாமல் இயந்திரத்தைப் படங்கால் மூடி வைத்திருந்த சங்கங்களைச் சேவைக்காலத்தில் பார்த்து வேதனைப்பட்டிருக்கிறேன். 2025 பெப்ரவரியில் உலகச் சந்தையில் அரபிக்கா கோப்பியின் விலை இறாத்தலுக்கு நான்கு டொலரைத் தாண்டி வரலாறு காணாத உயரத்தைத் தொட்டபோதும், பழத்தை முன்கூட்டியே பேசிக் கொடுத்துவிட்டவருக்கு அந்த உயர்வு போய்ச் சேர வழியே இருக்கவில்லை.

மற்ற நாடுகளில் இதை எதிர்கொண்டவர்கள் முற்பணத்தையே வாங்குபவரின் கடமையாக்கினார்கள். மெக்சிகோவின் ஒஹாகா மாநிலத்துப் பழங்குடிக் கோப்பி விவசாயிகளின் கூட்டுறவு, 1988இல் நெதர்லாந்தில் நுகர்வோரைச் சென்றடைந்தபோது உருவான நியாய வர்த்தக முறையில், விவசாயிகளின் சங்கம் கேட்டால் ஒப்பந்தப் பெறுமதியில் 60 வீதம் வரை வாங்குபவர் முன்கூட்டியே ஒழுங்கு செய்து கொடுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. குறைந்தபட்ச விலை பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என் அனுபவத்தில், சிறிய சங்கம் ஒன்றை நிமிர்த்தி வைக்கக்கூடியது இந்த விதிதான்.

கொழும்பில் இதைச் செய்ய வெளிநாட்டு முத்திரை எதுவும் தேவையில்லை. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடிக் குடியிருப்போர் சங்கங்கள் இருக்கின்றன. வடக்கு, கிழக்கு, மலையகப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கக் கிளைகள் இருக்கின்றன. ஆலய பரிபாலன சபைகளும் தேவாலயச் சபைகளும் இருக்கின்றன. ஒரு தொடர்மாடியில் நாற்பது வீடுகள் மாதம் அரைக் கிலோ வீதம் ஓராண்டுக்கு எழுதிக்கொடுத்தால் 240 கிலோ தூள் ஆகிறது. பழமாகப் பார்த்தால் ஏறக்குறைய 1,700 கிலோ. அதன் விலையில் பாதியை அறுவடைக்கு முன் சங்கத்தின் வங்கிக் கணக்கில் இட்டுவிட்டால், பழம் கொண்டுவருபவருக்கு அன்றைக்கே சிட்டையோடு காசு கொடுக்கலாம். விற்று முடிந்தபின் மிகுதியிலிருந்து இரண்டாம் கொடுப்பனவு செய்யலாம். உலர்ந்த கொட்டை மாதக்கணக்கில் கெடாது என்பதால், சங்கம் அதைக் களஞ்சியத்தில் வைத்து மாதாமாதம் வேண்டிய அளவை மட்டும் வறுத்து அனுப்பலாம். வீடுகளுக்கும் அதனால் புதுத் தூள் கிடைக்கும். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் நகரக் கடைகள் பொதிகளைப் பொறுப்பேற்றுக் கொடுக்குமிடங்களாக இருக்கலாம்.

அங்கத்துவம் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் முன்னோரைத் தென்னிந்தியாவிலிருந்து இந்த மலைகளுக்குக் கொண்டுவந்தது தேயிலையன்று, கோப்பி. மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காடு கடந்து நடந்து, வழியிலேயே மாண்டவர்கள் எண்ணற்றோர். வந்தவர்கள் கங்காணியிடம் பட்ட முற்பணக் கடன் துண்டுச் சீட்டாக ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர்களைத் தொடர்ந்தது. அம்முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் தென்பட்ட இலைத்துரு நோய் பெருந்தோட்டக் கோப்பியை அழித்தது. மிஞ்சியது பெரும்பாலும் வீட்டுத்தோட்டக் கோப்பியே. அந்த மக்களின் சந்ததியினரில் மிகப் பெரும்பாலானோருக்கு இன்றும் காணி உறுதி இல்லை. ஆகவே காணி உறுதி காட்டினால்தான் அங்கத்தவராகலாம் என்று எந்தச் சங்கமும் துணைவிதி எழுதக்கூடாது. லயத்து வாசலில் ஐந்து செடி வைத்திருப்பவர் கொண்டுவரும் பழமும் பழமே. பழம் பறிப்பவர் பெரும்பாலும் பெண். சிட்டையும் வங்கிப் புத்தகமும் அவர் பெயரில் இருக்க வேண்டும்.

கூட்டுறவு என்றதும் முகம் சுளிப்போர் இருக்கிறார்கள் என்பதை அறிவேன். அரசியல் நியமனங்களாலும் தாமதமான கணக்காய்வாலும் நலிந்த சங்கங்கள் ஏராளம். ஆனால் வடக்கில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் மரமேறும் தொழிலாளரைத் தவறணைக் குத்தகைக்காரரின் பிடியிலிருந்து விடுவித்ததையும் நாம் கண்டிருக்கிறோம். தாம் இறக்கிய கள்ளுக்கு என்ன விலை விழுந்தது என்பது அங்கே தொழிலாளிக்குத் தெரியும். கோப்பிச் சங்கமும் செய்கையாளருக்குப் பழத்தின் கிலோவுக்கு எவ்வளவு கொடுத்தது என்பதைப் பொதியின் மேலேயே அச்சிட வேண்டும். முற்பணம் கொடுத்த கொழும்புச் சங்கங்களுக்கு ஆண்டுக் கணக்கைத் தமிழிலும் சிங்களத்திலும் அனுப்ப வேண்டும்.

அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி மாகாணத்துக்குள் இயங்கும் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவும் மேற்பார்வையும் மாகாணத்துக்குரியவை. கோப்பி பெரும்பாலும் விளைவது மத்திய, ஊவா மாகாணங்களில். வாங்குவோர் மேல் மாகாணத்தில். இம்மூன்று மாகாணங்களின் கூட்டுறவு அபிவிருத்தி ஆணையாளர்களும் ஒன்றுகூடி, முற்பணத்தைப் பெறவும் திருப்பிக் கொடுக்கவும் ஒரு பொது ஒப்பந்தப் படிவத்தைத் தயாரித்துத் தருமாறு தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். கொழும்பிலுள்ள பழைய மாணவர் சங்கங்களும் குடியிருப்போர் சங்கங்களும் தமது அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சிநிரலில் இவ்விடயத்தைச் சேர்த்து, எத்தனை வீடுகள் எழுதிக்கொடுக்க ஆயத்தம் என்பதை இப்போதே கேட்டுக் குறித்து வைக்க வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கூட்டுறவு உத்தியோகத்தர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.