பணிமனைக்கு ஆசான்கள் வேண்டும்: பொருளியல் வளர்ச்சிக் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கழகத் தலைவருக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

2021 ஜனவரியில் சிங்கப்பூரின் ‘உற்பத்தி 2030’ திட்டம் அறிவிக்கப்பட்டது. பத்து ஆண்டுகளில் உற்பத்தித் துறையை 50 விழுக்காடு வளர்ப்பது அதன் இலக்கு. வாழ்நாளெல்லாம் உலோகத்தைக் கடையும் லேத்துக்கும் தேய்த்து நுண்ணளவுக்குக் கொண்டுவரும் கிரைண்டிங் இயந்திரத்துக்கும் முன்னால் நின்ற என்னைப் போன்றவர்களுக்கு அது வயிற்றில் பால் வார்த்த செய்தி. நம் பொருளியலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இன்றும் தொழிற்சாலைகளிலிருந்துதான் வருகிறது. உலகில் தயாராகும் மின்னணுச் சில்லுகளில் பத்தில் ஒன்று இந்தச் சிறு தீவில் தயாராகிறது. முதலீட்டையும் இயந்திரங்களையும் இங்கே கொண்டுவருவதில் உங்களுக்கு நிகர் யாருமில்லை. அந்த இயந்திரங்களுக்கு முன்னால் நிற்கப்போகிற இளையருக்கு யார் கற்றுக்கொடுப்பது என்பதுதான் என் கவலை.

இதே கேள்விக்கு உங்கள் கழகம் முன்பு ஒருமுறை விடை கண்டிருக்கிறது. பிரிட்டிஷ் படை வெளியேறப் போகிறது என்று 1968இல் தெரிந்தபோது, வேலைகளை உருவாக்கியே தீர வேண்டிய நெருக்கடி. ஜூரோங்கில் தொழிற்சாலைகள் எழுந்தன. ஆனால் தொழில் தெரிந்த கைகள் போதவில்லை. 1972இல் இந்தியாவின் டாட்டா நிறுவனத்துடன் சேர்ந்து ஒரு பயிற்சி நிலையத்தைத் தொடங்கினீர்கள். பிறகு ஜெர்மனியின் கேமரா நிறுவனமான ரோலை, நெதர்லாந்தின் பிலிப்ஸ். ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தேவையானதைவிடக் கூடுதலான இளையர்களைப் பயிற்றுவித்தது. அதனால் மற்றத் தொழிற்சாலைகளுக்கும் ஆள் கிடைத்தது. 1981இல் ரோலை நொடித்துப்போய்க் கேமராத் தொழிற்சாலை மூடப்பட்டது. அங்கே பாகங்களை வார்க்கும் அச்சுகளைச் செய்யவும் நுட்பமாகக் கடையவும் கற்றவர்கள் தீவிலேயே இருந்தார்கள். கற்ற தொழில் அவர்களோடு இருந்தது. நம் துல்லியப் பொறியியல் துறை பின்னர் வளர்ந்ததில் அவர்களுக்கும் பங்குண்டு.

இப்போதுதான் எல்லாவற்றையும் கணினி இயக்குகிறதே, கைத்திறன் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரத்திலிருந்து இறக்கிய எஃகுத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அது இன்னும் சூடாக இருக்கும். 100 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகு, வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய 11 மைக்ரான் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளும். சூட்டோடு மைக்ரோமீட்டர் என்னும் அளவுகருவியில் அளக்கும் இளையர் ‘அளவு சரி’ என்று எழுதி அனுப்பிவிடுவார். 20 டிகிரியில் இருக்கும் அளவை அறையில் அது ஆறியதும் சுருங்கிவிடும். அனுமதித்த பிழை 5 மைக்ரான் என்றால் அந்தத் துண்டு கழிவுதான். விதி பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எந்தத் துண்டை எவ்வளவு நேரம் ஆறவிட வேண்டும், எதை அவசரத்துக்குக் கணக்குப் போட்டு அளக்கலாம் என்பது பக்கத்தில் நிற்கும் மூத்தவருக்குத்தான் தெரியும். மெல்லிய வளையத்தைக் கடையும்போது சத்தம் மாறினால், திரையைப் பார்க்காமலே ‘டூல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளே தள்ளிப் பிடி’ என்பார். அந்தக் காது ஒரு நாளில் வருவதில்லை.

தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் நல்ல இயந்திரங்கள் இருக்கின்றன, நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. பயிற்சிக்கு வரும் மாணவர்கள் பல பட்டறைகளில் துண்டை ஏற்றவும் இறக்கவும்தான் செய்கிறார்கள். சொல்லிக்கொடுக்கக்கூடிய ஒரே ஆளின் தலைமேல் அன்று மாலைக்குள் முடிக்க வேண்டிய வேலை இருக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில், உருளை கிரைண்டிங்கில் கைதேர்ந்த மூத்தவர் ஓய்வுபெற்றார். பிரியாணி விருந்து, கைக்கடிகாரம், புகைப்படம் எல்லாம் குறைவில்லாமல் நடந்தன. ஓராண்டுக்கு முன்பே அவர் பக்கத்தில் ஓர் இளையரை நிறுத்த வேண்டும் என்று நிர்வாகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சில மாதங்களில் அந்த வேலை வெளிநாட்டுக்குப் போய்விட்டது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. துவாஸ் கப்பல் பட்டறைகளில் வெல்டிங் செய்யும் தமிழ்நாட்டுத் தம்பிகளுக்கும் இதே கதைதான். வேலை அனுமதி முடிந்ததும் ஊருக்குப் போகிறார்கள், தொழிலும் அவர்களோடு போய்விடுகிறது. அவர்களில் சிறந்தவர்களை ஆசான்களாக நிறுத்திக்கொள்ள நமக்கு என்ன தடை?

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 வரவுசெலவுத் திட்டத்தில், தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்த 30 வயதுக்கு உட்பட்டவர் பட்டயப் படிப்பில் சேர்ந்தால் 5,000 வெள்ளி, முடித்தால் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதியில் 10,000 வெள்ளி என்று அரசு அறிவித்தது. வரவேற்கிறேன். ஆனால் வகுப்புக்குத் திரும்பாமல் பணிமனையிலேயே பத்தாண்டு நின்று கைதேர்ந்தவருக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. பெற்றோர் இதைக் கவனிக்கிறார்கள். மகன் டெக்னீஷியன் என்பதை உறவினர் வீட்டுத் திருமணத்தில் தயங்கித் தயங்கிச் சொல்லும் அப்பாக்களை நம் சமூகத்தில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சம்பளம் உயர்ந்தால் அந்தத் தயக்கம் தானாக விலகும்.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை வரிச்சலுகை கேட்டு ஒரு பெருநிறுவனம் வரும்போது, எத்தனை பேருக்கு வேலை தருவீர்கள் என்பதோடு நிற்காதீர்கள். எத்தனை பேரைப் பயிற்றுவிப்பீர்கள், அவர்களில் எத்தனை பேரை மற்ற நிறுவனங்களுக்கு விடுவீர்கள் என்றும் கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். டாட்டாவிடம் கேட்க முடிந்த நாம் இன்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை. ஓய்வை நெருங்கும் தொழிலாளி வாரத்தில் இரண்டு நாள் கற்றுக்கொடுக்க மட்டும் வரட்டும்; அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்கட்டும். சிறு பட்டறை முதலாளிகளால் தனியாக அந்தச் செலவைத் தாங்க முடியாது.

முதல் வேலையாக, ஜூரோங், துவாஸ், அங் மோ கியோ, செலேத்தார் வட்டாரங்களில் அடுத்த ஐந்தாண்டில் ஓய்வுபெறப்போகும் கைதேர்ந்தவர்கள் யார், யாருக்கு என்ன தொழில் தெரியும் என்று ஒரு பட்டியல் எடுங்கள். பெயர்கள் நிறுவனங்களிடம் இருக்கின்றன. கற்றுக்கொடுக்க விருப்பமா என்று அவர்களிடம் நேரில் கேளுங்கள். எனக்குத் தெரிந்தவர்களில் மறுக்கக்கூடியவர் ஒருவரும் இல்லை.

இப்படிக்கு,
ஜூரோங்கில் தொழில் கற்ற ஒரு கடைசல் தொழிலாளி