எரிச்சே மலைக்கு அம்மாவை ஏற்றி இறக்கியவர்களுக்கு

அன்புடையீர்,

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு குடும்பமாக, இங்கே சிசிலித் தீவில் இருக்கும் எரிச்சே என்ற மலையூருக்குப் போய் வந்தோம். அன்றிலிருந்து வீட்டில் அதே கதைதான். பருத்தித்துறையில் அம்மா தொலைபேசி எடுத்துச் சொல்லாத சொந்தம் மிச்சமில்லை. அந்தப் பயணத்தை ஒப்பேற்றித் தந்தவர்களில் பலருக்கு நின்று ஒழுங்காக நன்றி சொல்ல அவகாசம் கிடைக்கவில்லை, சிலரின் பெயரும் கேட்கவில்லை. அதனால்தான் இந்த மடல். இத்தாலியர்களுக்கு மகள் அவர்களுடைய மொழியில் தனியாக எழுதுகிறாள்.

நாங்கள் இருக்கும் பலேர்மோ நகரத் தமிழருக்கு மலை என்றால் புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயில் இருக்கும் பெல்லெக்ரினோ மலைதான். சைவர்களும் போய் மெழுகுதிரி கொளுத்திக் கும்பிடுகிற இடம். அம்மாவும் ஊரிலிருந்து வந்தவுடன் அங்கே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எரிச்சே என்று பேச்செடுத்ததும் வீட்டில் பாதிப்பேர் வேண்டாம் என்றார்கள். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. எரிச்சேயோ கடலை ஒட்டி 750 மீற்றர் உயரத்தில் நிற்கிற பழைய ஊர், ஏற்றமும் இறக்கமும் கல் பாவிய ஒழுங்கைகளும்தான்.

முதல் நன்றி பல்லாரோ சந்தைப் பக்கம் கடை வைத்திருக்கும் அண்ணைக்கு. வானையும் தந்து ஓட்டவும் வந்தார். சக்கர நாற்காலி தந்த மாடிவீட்டு அக்காவுக்கும் அப்படியே. தன் மாமியார் பாவித்த நாற்காலியைத் துடைத்து, சில்லுகளுக்குக் காற்றும் அடித்து இறக்கி வைத்திருந்தார். பலேர்மோவிலிருந்து எரிச்சே மலையடியில் இருக்கும் திராப்பனிக்கு 100 கிலோமீற்றருக்கு மேல். வழியில் செஜெஸ்தாவின் பழைய கோயில் குன்றின் மேல் தெரிந்ததும் அண்ணை வேகத்தைக் குறைத்தார். கூரை போடாமலே விட்ட கோயில் அது. அதைக் கட்டிய எலிமியர் என்ற பழைய சிசிலி இனத்தவர்தான் எரிச்சேயிலும் முதலில் குடியிருந்தவர்கள்.

திராப்பனியிலிருந்து மேலே போவதற்குக் கேபிள் கார் இருக்கிறது, பத்து நிமிடப் பயணம். பெட்டிகள் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும், நடந்து ஏறுபவர்களுக்கு அது பெரிய காரியமில்லை. எங்களைக் கண்டதும் அங்கே வேலை செய்த தம்பி இயந்திரத்தையே நிறுத்திவிட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் முகம் சுளிக்கவில்லை. அவர்களுக்கும் நன்றி. மேலே ஏற ஏற உப்பளங்களும் அதற்கப்பால் எகாதித் தீவுகளும் விரிந்தன. கி.மு. 241இல் ரோமர் கார்த்தேஜின் கப்பற்படையை முறியடித்து முதல் பியூனிக் போரை முடித்தது அந்தக் கடலில்தான் என்று மகன் பள்ளிக்கூடத்தில் படித்ததை விளக்கிக்கொண்டு வந்தான். அம்மா அந்தப் பக்கமே பார்க்கவில்லை. "உது எங்கட ஆனையிறவு மாதிரியெல்லோ கிடக்கு" என்று உப்புக் குவியல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் வாசலில் தெரு கூட்டிக்கொண்டிருந்த ஐயாவுக்கு ஒரு தனி நன்றி. பெரிய தெருவால் நேரே ஏறப் போன எங்களைத் தடுத்து, மதிலோரமாக வெளியே சுற்றிப் போகும் கார் றோட்டைக் காட்டினார். சுற்றுத்தான், ஆனால் நாற்காலி சறுக்காமல் போனது. அந்த வழியாக பாலியோ பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பூங்கா வாங்கில் இருந்த முதியவர் ஒருவர் எழும்பி எங்களுக்கு இடம் விட்டதோடு நிற்காமல் கதையும் சொன்னார். எதிரே தெரியும் கோட்டை நோர்மானியர் 12ஆம் நூற்றாண்டில் கட்டியது, அதற்கு முன்பு அங்கே வீனஸ் தெய்வத்தின் கோயில் இருந்தது, மாலுமிகள் அந்த அம்மனைக் கும்பிட்டுத்தான் கடலில் போனார்கள். ஊர் வாசலுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதாகோயிலுக்கும் அந்தக் கோயில் கற்களை எடுத்தார்களாம். மகள் மொழிபெயர்த்துச் சொல்ல, அம்மா கேட்டுவிட்டு, "அப்ப ஆள் மாறேல்லை, பேர்தான் மாறியிருக்கு" என்றார். அது முதியவருக்கு விளங்கியதும் அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வாங்கில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்பும்போது ஊருக்குள்ளால் இறங்கலாம் என்று பார்த்தோம். எரிச்சேத் தெருக்களில் நீள்கற்களைச் சட்டம் மாதிரிப் பதித்து, நடுவில் சின்னச் சின்னக் கற்களை இறுக்கியிருக்கிறார்கள். பார்க்க வடிவுதான். நாற்காலியின் முன்சில்லு ஒவ்வொரு விளிம்பிலும் இடறி, கடைசியில் அசையவே மறுத்துவிட்டது. அப்போது இனிப்புக் கடையிலிருந்து, கையெல்லாம் மாவோடு ஒரு இளைஞர் ஓடி வந்தார். ஒன்றும் பேசவில்லை. நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி, பெரிய சில்லுகள் முதலில் போகும்படி வைத்து, தன் உடம்பாலே பாரத்தைத் தாங்கிக்கொண்டு மெல்ல மெல்ல இறக்கினார். அம்மாவுக்குக் குலுக்கமே தெரியவில்லை. வயதானவர்களைக் கூட்டிப்போக நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இத்தனை நாளும் முன்பக்கமாகத் தள்ளித் தள்ளியே களைத்தவர்கள்.

அவர் கடையிலேயே இருந்து ஜெனொவேசே என்ற இனிப்புப் பணியாரம் சாப்பிட்டோம். மேலே சீனித்தூள், உள்ளே கொதிக்கக் கொதிக்கப் பால்க்களி. அவசரப்பட்டால் நாக்கு வெந்துவிடும். கடைக்கார அம்மா ஒன்றை இரண்டாக வெட்டி, ஆறவைத்து அம்மா கையில் கொடுத்தார். அந்த ஊர் கன்னியர் மடங்களில் செய்து விற்ற பாதாம் இனிப்புகளிலும் கொஞ்சம் சுற்றித் தந்து காசு வாங்க மறுத்தார். சீனி வருத்தம் இருப்பதால் பாதி போதும் என்று சொன்ன அம்மா எவ்வளவு சாப்பிட்டார் என்பது வைத்தியருக்குத் தெரியவேண்டாம். மகள் இதற்கிடையில் இயற்பியலாளர் எத்தோரே மயோரானாவின் பெயரில் இருக்கும் அறிவியல் மையத்தின் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு அந்த ஊரில் பார்க்க இருந்தது அது ஒன்றுதான்.

அப்புறம் காற்று எழும்பியது. கேபிள் காரை நிறுத்திவிட்டார்கள். காற்று கூடினால் நிறுத்தத்தான் வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் வான் கீழே நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் முகிலும் இறங்கி, ஊர் வாசல் தெரியாமல் போய்விட்டது. கீழே திராப்பனியில் வெயில் எறிந்துகொண்டிருக்கும், மேலே சரியான குளிர். யாரைக் கேட்பது என்று நாங்கள் யோசிக்க முன்பே, காரில் கீழே போகப் புறப்பட்ட திராப்பனித் தம்பதியர் அண்ணையைத் தங்களோடு ஏற்றிக்கொண்டு போய் வானடியில் விட்டார்கள். அவர் மலைப்பாதை வளைவுகளால் ஓட்டி மேலே வந்து சேரும் வரைக்கும் இனிப்புக் கடைக்கார அம்மா எங்களை உள்ளே இருத்தி, தன் பச்சைக் கம்பளிச் சால்வையை எடுத்து அம்மாவைப் போர்த்துவிட்டார்.

வான் வந்த அவசரத்தில் சால்வையும் எங்களோடு வந்துவிட்டது. துவைத்து மடித்து வைத்திருக்கிறோம். இந்த மாதத்துக்குள் எரிச்சே பக்கம் போகும் தமிழ்க் குடும்பம் யாராவது இருந்தால் பல்லாரோ அண்ணையின் கடையில் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். சால்வையோடு ஒரு பெட்டி பருத்தித்துறை வடையும் கொடுத்துவிட வேண்டும் என்று அம்மா மாவுக்குச் சொல்லிவிட்டார்.

நன்றியுடன்,
பலேர்மோவிலிருந்து ஒரு குடும்பம்