கிளுவைக் கம்பு ஊன்றிய அப்பத்தாவுக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் கண்மாய் உள்வாயும் (தண்ணீர் தேங்கும் பரப்பு) அதை ஒட்டிய கோவில் காடும், அங்கே ஒன்றும் இல்லை என்று சொல்லி அவற்றைச் சேர்த்துப் போட்ட திட்ட வரைபடத்திலிருந்து நீக்கப்பட்டன என்ற தாள் கைக்கு வந்ததிலிருந்து எங்களுக்கு வேறு வேலை ஓடவில்லை. படித்ததையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறோம். என்ன நடந்தது, எப்படி நடந்தது என்பது இந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும், அதை மறுபடி கிளற இந்த மடலை எழுதவில்லை. மனது ஈரமாக இருக்கும்போதே நன்றி சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நன்றி ஆட்டுக்கார அப்பத்தாவுக்கு. அவரைக் கரையில் பார்த்திருப்பீர்கள், பேசியிருக்க மாட்டீர்கள். கூட்டங்களுக்கு அவர் வந்ததில்லை, மனுவில் அவர் கைநாட்டும் இல்லை.

அவர் செய்ததைச் சொல்ல, அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்ற கணக்கெடுப்பை எப்படி நடத்தினோம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். காட்டிலும் உள்வாய் ஓரத்திலும் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரங்கள் போட்டோம். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் நிற்கிற மரங்களின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடா பிடித்து அளந்தோம். மூலையில் ஒரு மீட்டர் சதுரம் பிரித்து அதிலிருந்த பூண்டு, புல், கன்று எல்லாவற்றையும் எண்ணினோம். வீரை, உலக்கைப்பாலை, காசான், காட்டுக்களா, சூரை என்று தாள் தாளாக எழுதினோம். இதற்கெல்லாம் உயிர் கொடுப்பது ஒரே ஒரு விஷயம்தான். அடுத்த தடவை அளக்கும்போதும் அதே சதுரத்தில் அளக்க வேண்டும். இடம் கொஞ்சம் தள்ளிப்போனாலும் இரண்டு கணக்கையும் ஒப்பிட முடியாது. செல்போன் காட்டும் இடம் வெட்டவெளியிலேயே ஐந்து மீட்டர் போல முன்பின் இருக்கும், மரத்தடியில் இன்னும் தள்ளும். ஆகவே மூலைக்கு மூலை முளைக்குச்சி அடித்து எண் எழுதினோம். இரும்புக் கம்பி நட்டால் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும் என்பதால் மரக்குச்சிதான்.

ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பிடித்தது. கண்மாய் நிறைந்து கலுங்கு தட்டியது. வரத்துக்கால் ஓரத்தில் இருந்த குச்சிகளைத் தண்ணீர் கொண்டுபோனது, மேட்டில் இருந்தவற்றை ஆடு மாடு உரசிச் சாய்த்தது. எங்கள் கணக்கைச் சரிபார்க்கும் மறு ஆய்வுக்கு வெளியிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று தகவல் வந்ததும் கோவில் காட்டுக்குள் ஓடினோம். எழுதிய குச்சி ஒன்றுகூட நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மூலையிலும் விரல் பருமனில் ஒரு கிளுவைக் கம்பு ஊன்றியிருந்தது. ஆடு கடிக்காமலிருக்க அடியில் கருவமுள் சுற்றியிருந்தது. கம்பின் தலையில் பழைய சேலைக் கிழிசல், அதில் முடிச்சுகள். முதல் சதுரத்தின் நான்கு மூலையிலும் ஒற்றை முடிச்சு, இரண்டாவதில் இரட்டை முடிச்சு, இப்படியே போனது. அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. நாங்கள் முதலாவது, இரண்டாவது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அளந்ததைக் கரையில் ஆடு மேய்த்தபடி கேட்டு மனதில் வைத்திருக்கிறார். குச்சி சாயச் சாய, அந்தக் குழி தூர்வதற்குள் தன் வீட்டு வேலிக் கிளுவையை வெட்டிக் கொண்டுவந்து ஊன்றியிருக்கிறார்.

கம்பெல்லாம் துளிர்த்து நின்றன. கிளுவைக்கு அந்தக் குணம் உண்டு, மழைக்காலத்தில் வெட்டி ஊன்றினால் வேர் பிடித்துவிடும். இனி எந்த மழைக்கும் அந்த மூலைகள் நகராது.

ஏன் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "என் ஆடு தள்ளிவிட்டதுக்கு நாந்தானத்தா பதில் சொல்லணும்? பிள்ளைக அம்புட்டு வெயில்ல அளந்துச்சுக" என்றார். சேலை பழசுதான், வேலிக் கம்பு சும்மா கிடந்ததுதான் என்று அதையும் சேர்த்துச் சொன்னார். எனக்குப் பேச்சு வரவில்லை.

மறு ஆய்வுக்கு வந்த அம்மா யார் பேச்சையும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. எங்கள் தாளை ஒரு கையில் வைத்துக்கொண்டு கிளுவையிலிருந்து கிளுவைக்குத் தானே நாடா பிடித்தார். பத்து மீட்டர். தாளில் இருந்த வீரை அதே மூலையில் அதே இரட்டைக் கவையோடு நின்றது. சுற்றளவும் ஒத்துப்போனது. அதற்கு அடுத்த சதுரம், அதற்கும் அடுத்தது. நாங்கள் எழுதியதை நாங்களே உண்மை என்று சொல்வதற்கும் அறிமுகமே இல்லாத ஒருவர் வந்து அளந்து உண்மை என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தோம். இவ்வளவும் ஒரு மனுஷி ஊன்றிய வேலிக் கம்பில் நின்றது.

அடுத்து, கணக்கை வெளியே கொடுக்கச் சம்மதித்த ஊர்ப் பெரியவர்களுக்கு நன்றி. அந்த வாக்குவாதம் காரசாரமாக இருந்தது, அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. எது எங்கே இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொன்னால் பிடிக்க வருகிறவனுக்கு நாமே வழிகாட்டின மாதிரி ஆகாதா என்று கேட்டார்கள். நட்சத்திர ஆமையை மனதில் வைத்துத்தான் கேட்டார்கள். அதன் பன்னாட்டு வணிகத்துக்கு 2019-இல் தடையே போட்டார்கள் என்றால் கடத்தல் எந்த அளவுக்கு இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் ஆமையின் இடத்தை எந்தத் தாளிலும் எழுதாமல் விட்டோம். உயிரினங்களின் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றிய படங்களிலும் அருகிவரும் உயிர்களின் இடத்தை அது தானாகவே மறைத்து, இருபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீள அகலமுள்ள பரப்பில் எங்கோ ஒரு இடம் என்று மட்டும் காட்டுகிறது. பெரியவர்களுக்கு அதைப் போனிலேயே திறந்து காட்டினோம். "சரி, குடுங்க" என்று சொன்னவர்கள் அதற்குப் பிறகு ஒரு நாளும் பின்வாங்கவில்லை.

கொடுத்தது எவ்வளவு நல்லது என்று இப்போது தெரிகிறது. பறவைக் கணக்கு, பறவைகளைப் பதியும் இ-பேர்டு இணையதளத்துக்குப் போனது. சதுரத் தாள்களின் நகல்கள் ஊராட்சிக்கும் வனத்துறைக்கும் கல்லூரிக்கும் போயின. பீரோவுக்குள் பூட்டி வைத்திருந்தால் அந்த ஆய்வாளரின் கையில் அந்தத் தாளே இருந்திருக்காது. நாடு முழுக்க 30,000-க்கும் மேற்பட்டவர்கள் இப்படிப் பதிந்த மூன்று கோடிக் குறிப்புகளை வைத்துத்தான் 2023-இல் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை வந்தது. பக்கத்தில் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022-இல் அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது சுமார் 250 வகைப் பறவைகள் அங்கே உண்டு என்று பதிவாகியிருந்தது. அங்கே இருந்த டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானதற்கு மக்கள் திரண்டதுதான் காரணம். ஆனால் திரண்ட மக்கள் கையில் சொல்வதற்கு ஒரு பட்டியலும் இருந்தது.

இன்னொன்றும் தோன்றுகிறது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977-இலிருந்து இருக்கிறது. கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் அங்கே பறவைகளைக் காக்கிறார்கள். ஆனால் சரணாலயத்தின் மொத்தப் பரப்பு 38.4 ஹெக்டேர்தான். கூடு அங்கே என்றாலும் நத்தைக்குத்தி நாரைக்கு நத்தை வேண்டும், அது பெயர் தெரியாத சின்னக் கண்மாய்களிலும் வயல்களிலும்தான் கிடைக்கும். அந்தக் கண்மாய்களில் என்ன இருக்கிறது என்று யாரும் எழுதி வைக்காவிட்டால், ஒன்றும் இல்லை என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். சொல்லவும் செய்தார்கள்.

மற்றவர்களுக்கு ஒரே மூச்சில் நன்றி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். லீவு நாளெல்லாம் காட்டில் கிடந்த காரைக்குடிக் கல்லூரிப் பிள்ளைகள், மதுரையிலிருந்து வந்து புல்லுக்கெல்லாம் பெயர் சொல்லிக்கொடுத்த தாவரவியல் பேராசிரியர், தாள்களைக் கணினியில் ஏற்றிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்காத ஜெராக்ஸ் கடைத் தம்பி, பல வருஷத்துக்கு முந்தைய ஊருணிப் படங்களைத் தேடி அனுப்பிய வெளிநாட்டு நகரத்தார் குடும்பங்கள், பானகமும் மோரும் கொடுத்தனுப்பிய பெரிய வீட்டு ஆச்சி, எங்கள் பக்கம் நிற்க முடியாத நாற்காலியில் இருந்தும் தாளை முழுசாகப் படித்த அதிகாரிகள். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் என் மனதில் இல்லை என்று நினைக்க வேண்டாம்.

இனி ஆண்டுதோறும் தை பிறந்ததும் அதே சதுரங்களை அளப்போம். ஆபத்து வந்தாலும் வராவிட்டாலும் அளப்போம். சதுரத் தாள்களை முழுசாக, யார் கேட்டாலும் கொடுப்போம். ஊரின் உயிர்வளங்களை எழுதி வைக்கும் ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டிலும் இதைச் சேர்க்க, அதைப் பார்த்துக்கொள்ளும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒத்துக்கொண்டிருக்கிறது. அளந்தவர்கள் பெயர்கள் எழுதும் இடத்தில் அப்பத்தாவின் பெயரையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். பக்கத்துக் கண்மாய்க்காரர்கள் தங்கள் ஊரிலும் இதைத் தொடங்க நினைத்தால் நாடாவும் தாளும் எங்களிடம் இருக்கின்றன, ஆளும் வருவோம். கிளுவைக் கம்புக்கு அப்பத்தாவிடம் கேட்டுவிட்டேன், வேண்டிய மட்டும் வெட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.