பெரிய ஏரிப் பணி நிறைவு: செயற்குழுவின் அறிக்கை

ஏரிப் பாசன ஆயக்கட்டு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஏரியில் குடிமராமத்துப் பணி (அரசுப் பணத்தோடு நம் பங்கும் சேர்த்து ஏரியைச் சீரமைப்பது) முடிந்து ஒரு மழைக்காலமும் போய்விட்டது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்த பிறகுதான் அறிக்கை என்று கூட்டத்தில் சொல்லியிருந்தோம். வழிந்துவிட்டது.

திட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2017 மார்ச்சில் மணிமங்கலம் ஏரியில் தொடங்கியது. முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாய்க்கு 1,519 பணிகள். செலவில் 10 விழுக்காடு ஆயக்கட்டுதாரர் பங்கு. அதைப் பணமாகவோ பொருளாகவோ உடலுழைப்பாகவோ கொடுக்கலாம் என்றிருந்தது. நம் பங்கு பெரும்பாலும் டிராக்டராகவும் ஆளாகவும் வந்தது. வரவு செலவு, பில்களோடு பிள்ளையார் கோயில் மண்டபத்தில் ஒட்டியிருக்கிறது. சந்தேகம் இருந்தால் செயலாளரைக் கேளுங்கள், டீக்கடையில் வேண்டாம்.

கரை, மதகு ஷட்டர், கலங்கல் பழுது, ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர் எல்லாம் எஸ்டிமேட்டில் இருந்தபடி நடந்தன. எஸ்டிமேட்டில் இல்லாதது தண்ணீரின் சுத்தம்தான். கன மீட்டரில் அளந்து எம்.புக்கில் (வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) ஏற்ற முடிந்த வேலைக்குத்தான் பில் பாஸ் ஆகும். மதகடியில் அள்ளிய கறுப்புச் சேறு கையில் பிசுபிசுத்தது, அழுகின முட்டை நாற்றம். சேற்றுக்குக் கணக்கு உண்டு, நாற்றத்துக்கு ஏது கணக்கு?

வரத்துக்காலைத் தூர் வாரியதில் நாம் எதிர்பாராதது ஒன்று நடந்தது. மேலே உள்ள மனைப்பிரிவின் கழிவுநீர் புல்லிலும் புதரிலும் தேங்கி மெதுவாக வந்துகொண்டிருந்தது. இப்போது தடையில்லாமல் நேரே ஏரிக்கு வந்தது. ஐப்பசியில் தண்ணீர் பச்சையானது. ஒருநாள் விடியற்காலை கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பாசி பகலில் விடும் பிராணவாயுவை இரவில் தானே எடுத்துக்கொள்கிறது. விடிவதற்குள் மீனுக்கு மிச்சமில்லை.

அதன் பிறகுதான் வரத்துக்கால் முகப்பில் குட்டை வெட்டி, அழுக்கை உறிஞ்சும் சம்பைப் புல்லும் கோரையும் நட்டு, கழிவுநீரை ஜல்லி வரப்பு வழியாகக் கசியவிட்டோம். இதில் அரசுப் பணம் ஒரு ரூபாயும் இல்லை, முழுக்க உங்கள் நன்கொடை. இப்போது தண்ணீர் தெளிந்து, மதகின் மூன்றாம் படி தண்ணீருக்குள் தெரிகிறது. ஆனால் பெருமழையில் குட்டை தாங்காது. மனைப்பிரிவுக்குப் பாதாளச் சாக்கடை கேட்டு மனு கொடுத்திருக்கிறோம்.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். வாரிய ஆகாயத்தாமரையைக் கரையின் உட்சரிவிலேயே குவித்துவைத்தோம். முதல் மழையில் பாதி திரும்ப ஏரிக்குள் போய்விட்டது. இரண்டாம் முறை வாரிய கூலி நன்கொடையிலிருந்துதான் போனது.

குட்டையில் சம்பை முற்றிவிட்டது. மடிந்து அழுகினால் உறிஞ்சிய அழுக்கை எல்லாம் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடும். வரும் ஞாயிறு காலை அறுப்பு. வீட்டுக்கு ஒருவர் அரிவாளோடு வரவும். அறுத்ததை ஏற்ற டிராக்டர் நிற்கும். கரையில் யாரும் போட வேண்டாம்.

இப்படிக்கு,
செயற்குழு