பவுசர் அண்ணைக்கும் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்பான உறவுகளுக்கு,

மழை தொடங்கிவிட்டது. எங்கள் மாதர் சங்கம் ஊரில் அமைத்த பூங்காவுக்குக் கிடைத்த நிதியின் கடைசிக் கொடுப்பனவும் சங்கத்தின் கணக்குக்கு வந்து சேர்ந்துவிட்டது. பூங்காவைப் பார்வையிட வந்தவர்கள் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று பார்த்து, எல்லாம் வேர் பிடித்துவிட்டது என்று எழுதிக் கையொப்பம் வைத்தபோது எங்கள் பெண்களில் சிலர் அழுதேவிட்டார்கள். நானும் அழுதேன். இந்தக் கோடை எப்படிப் போனது என்று கிளிநொச்சியில் இருக்கிற எவருக்கும் நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எல்லார் வீட்டுக் கிணறும் ஒரே கதையைத்தான் சொன்னது. அதை விட்டுவிடுகிறேன். மனம் ஆறுவதற்கு முன் நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் நன்றி, தண்ணீர் ஏற்றுகிற டாங்கி வண்டியான பவுசரை ஓட்டுகிற அண்ணைக்கு.

பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. அவர் எங்கள் வட்டாரத்து ஆளும் இல்லை. கட்டட வேலை நடக்கிற இடங்களுக்கும் கொண்டாட்ட வீடுகளுக்கும் வாடகைக்குத் தண்ணீர் ஏற்றி இறக்குகிறவர். வேலை முடிந்து ஏ9 வீதிக்கு ஏறுவதற்கு எங்கள் ஒழுங்கையால் போவார். ஆனி மாதம், சோழகக் காற்று உரத்து வீசிச் செம்மண் புழுதி கண்ணைத் திறக்கவிடாத ஒரு பின்னேரம், நாங்கள் சிலபேர் பக்கத்து வளவுக் கிணற்றிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தோம். அந்த வீட்டுக்காரருக்கே தண்ணீர் தட்டு. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எங்களுக்குக் கேட்கவே நா எழவில்லை. பவுசர் வந்து நின்றது. அண்ணை இறங்கி வந்து, இலை சுருண்டுபோய் நின்ற மருதங்கன்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அடித்தண்ணி கொஞ்சம் கிடக்குது தங்கச்சி. மேல் குழாயாலை வராது. வெறுமனே கொண்டுபோய் என்ன செய்யிறது, வாளியளைக் கொண்டாங்கோ."

டாங்கியின் அடியில் கழுவித் திறந்துவிடுகிற வாய் ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தார். நாங்கள் வாளிகளைப் பிடித்தோம். அன்றைக்கு எல்லாக் கன்றுகளுக்கும் தண்ணீர் போனது.

அதற்குப் பிறகு அவர் ஓட்டம் ஓடிய நாட்களில் எல்லாம் நின்றார். நாங்கள் ஒருநாளும் தொலைபேசி எடுத்துக் கேட்கவில்லை. எங்களிடம் அவருடைய இலக்கமே இல்லை. காசு கொடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். 2022இல் டீசலுக்காக இரவிரவாக வரிசையில் கிடந்த சனங்கள் நாங்கள். பெரிய வாகனம் ஒன்றை வழியில் மறித்து நிறுத்தித் திரும்ப எடுப்பதற்கு எவ்வளவு செலவு முடியும் என்று எங்களுக்குத் தெரியாதா? ஒரு பிளேன்ரீயும் இருந்தால் ஒரு துண்டு பனங்கட்டியும், அதற்கு மேல் அவர் எதையும் வாங்கியதில்லை.

கன்றுகளைச் சுற்றித் தேங்காய்ப் பொச்சுமட்டை புதைத்ததும் அவர் சொல்லித்தான். இளவயதில் பளைப் பக்கம் தென்னங்காணிகளில் வேலை செய்தவராம். கன்றைச் சுற்றிக் கிடங்கு வெட்டி, மட்டையின் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி, மேலே மண் போட்டு மூடச் சொன்னார். மட்டை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். நாள் தவறாமல் ஊற்ற முடியாத எங்களைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! சந்தையில் தேங்காய் உரிக்கிற இடத்தில் மட்டைகளைச் சாக்கு சாக்காகச் சும்மாவே தந்தார்கள்.

ஆனால் நான் இந்த மடலை எழுதுவது தண்ணீருக்காகவோ மட்டைக்காகவோ மாத்திரம் இல்லை. சில நாட்களில் அவருடைய டாங்கியில் ஒன்றுமே மிஞ்சாது. அப்படியான நாளிலும் பவுசரை மெதுவாக்கி, தலையை வெளியே நீட்டி, "இண்டைக்கு இல்லைப் பிள்ளையள், பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். ஒருமுறை வவுனியாப் பக்கம் நீண்ட ஓட்டம் போக இருந்தபோது, முதல் நாளே வந்து, இத்தனை நாள் வரமாட்டேன், வேறு வழி பாருங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் சங்கத்தில் பாதிப் பெண்கள் 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தவர்கள். தறப்பாள் கொட்டில்களுக்கு நடுவில் வாளியை வரிசையில் வைத்துவிட்டு, பவுசர் வருமா வராதா என்று தெரியாமல் வெயிலில் குந்தியிருந்தவர்கள். வராது என்றால் வராது என்று வந்து சொல்ல அன்றைக்கு ஒருவரும் இருக்கவில்லை. அதற்குப் பிறகும் எத்தனை இடங்களில் எத்தனை விடயங்களுக்காக நாங்கள் காத்திருந்திருக்கிறோம். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போய் உலை வைத்திருக்கலாம் என்ற நாட்கள் எங்கள் எல்லோருக்கும் உண்டு. எங்களோடு வேலை செய்கிற வயதான அம்மா ஒருவர், அண்ணை இல்லை என்று சொல்லிவிட்டுப் போன ஒரு பின்னேரம் என்னிடம் சொன்னார்: "பிள்ளை, என்னை ஒரு மனுசியா மதிச்சுச் சொல்லிப்போட்டுப் போறான் பார்." அந்தப் பேச்சு எனக்குள் இன்னும் கிடக்கிறது.

நிதி தந்தவர்களுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. சிறு நிதி என்று நீங்கள் சொன்னாலும் எங்களுக்கு அது சிறியது இல்லை. வேலி, ஊஞ்சல், சறுக்கி, இருக்கைகள், சூரிய மின்விளக்கு, மரக்கன்றுகள் எல்லாம் உங்களால் வந்தவை. சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, மூன்று கடைகளின் விலைமனு, கடை முத்திரை குத்திய பற்றுச்சீட்டு என்று நீங்கள் கேட்ட ஒவ்வொன்றும் ஆரம்பத்தில் எங்களுக்குப் பயமாக இருந்தது. இப்போது எங்கள் பெண்கள் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கணக்குக் கொப்பியை விரித்துவைத்துப் பேசுகிறார்கள். சிரமதானத்தை எங்கள் பங்களிப்பாக ஏற்று, எங்கள் உடலுழைப்புக்கும் ஒரு பெறுமதி போட்டீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி.

உரிமையோடு ஒன்று சொல்கிறேன், கோபிக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். பூங்காக்களுக்கு வருகிற இப்படியான நிதிகள் பெரும்பாலும் படத்தில் தெரிகிற பொருட்களுக்கே வருகின்றன. நட்ட பிறகு ஊற்றுகிற தண்ணீருக்கு அதில் ஒரு நிரல் இருப்பதில்லை. வன்னியில் ஆண்டின் மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் பெய்துவிடும். தெற்கை நனைக்கிற தென்மேல் பருவம் எங்களுக்குக் காய்ந்த காற்றாகத்தான் வந்துசேரும். மரத்தை மாரி தொடங்கும்போது நட வேண்டும். திட்டக் காலமோ சித்திரையில் நட்டு முடி என்று நிற்கிறது. வேம்பும் இலுப்பையும் தாக்குப்பிடிக்கும். நாவலும் மருதும் என்ன செய்யும்? மருது ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் கால் நனைத்து வளர்ந்த மரம். எங்களுக்குக் கிடைத்த பவுசர் அண்ணை இன்னொரு ஊருக்குக் கிடைக்காமல் போகலாம். நடுகையை ஐப்பசிக்குத் தள்ளிவைக்க இடம் கொடுங்கள். முதற்கோடை முழுவதும் தண்ணீர் ஊற்ற ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள். அடுத்ததாக உங்களிடம் வருகிற சங்கத்துக்காகக் கேட்கிறேன்.

இன்னும் எத்தனை பேர்! நிலத்தைப் பூங்காவுக்கென்று எழுத்தில் தந்து, குப்பையையும் ஒழுங்காக ஏற்றிச் செல்கிற பிரதேச சபையினர். எங்கள் விண்ணப்பத்தில் இருந்த பிழைகளைப் பொறுமையாகத் திருத்தித் தந்த கிராம அலுவலர். நிதி வர முதலே சீமெந்தைக் கடனுக்கு இறக்கிவிட்ட ஹாட்வெயார் கடைக்காரர். ஊஞ்சல் சங்கிலியை இரண்டாம் தரம் ஒட்டிக் கூலி வாங்காத வெல்டிங் தம்பி. சிரமதான நாளில் கஞ்சி காய்ச்சிய அம்மாக்கள், பந்து விளையாட வந்து மண்வெட்டி பிடித்த பெடியள், பக்கத்து வளவுக் கிணற்றுக்காரர். நீங்கள் எல்லோரும் எங்கள் நெஞ்சில் இருக்கிறீர்கள்.

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைக்கும் நன்றி. காசு அனுப்பியவர்கள் வேறும் இருக்கிறார்கள். அவள் அனுப்பிய கதை எங்களை நிமிர்த்தி வைத்தது. தொரொன்ரோவில் தோர்ன்கிளிஃப் பார்க் என்ற குடியிருப்பில், பிற நாடுகளிலிருந்து வந்து குடியேறிய பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஆர்.வி. பர்ஜெஸ் பூங்காவைத் திருத்தித் தரும்படி மாநகர சபையிடம் கேட்டுக் கேட்டே சந்தை, தோட்டம் என்று வளர்த்து, 2013இல் பொதுப் பூங்காவிலேயே தந்தூரி அடுப்பு ஒன்றையும் கட்டிவிட்டார்களாம். நிதி இழுபட்டு எங்களில் பாதிப்பேர் இனி வரமாட்டோம் என்று சொன்ன கிழமையில் அவள் படங்களை அனுப்பினாள். அந்தப் பெண்கள் அடுப்பைச் சுற்றி நிற்கிற படத்தைப் பார்த்து எங்கள் அம்மாக்கள், "அப்ப நாங்கள் ஏன் விடவேணும்?" என்று கேட்டார்கள்.

மிதிவெடிப் பலகையின் மண்டையோட்டைப் பார்த்து, இந்தப் பக்கம் போகாதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் இன்றைக்கு எங்கள் ஊரில் தாய்மாராக இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு இந்த மண்ணில் ஓடுகிறார்கள். பின்னேரங்களில் நான் வேலை இல்லாவிட்டாலும் அங்கே போய் இருக்கிறேன்.

கடந்த கூட்டத்தில் நாங்கள் இரண்டு தீர்மானங்களைக் கூட்டறிக்கையில் எழுதி எல்லோரும் கையொப்பம் வைத்தோம். ஒன்று, வருகிற பங்குனி தொடங்கி அடுத்த மாரி வரை தண்ணீர் ஊற்றும் முறை வீட்டுக்கு வீடு மாறி வரும், எந்த வீடும் தவறாது. மற்றது அந்த வயதான அம்மா கொண்டுவந்தது. பூங்காவைக் கேட்டோ உதவி கேட்டோ சங்கத்திடம் யார் வந்தாலும், செய்ய முடியாது என்றால் அன்றைக்கே நேரில் போய் முடியாது என்று சொல்லிவிட வேண்டும். யாரையும் காத்திருக்க வைக்கக் கூடாது.

பவுசர் அண்ணையைத் தெரிந்தவர்கள் இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பேர் போடவில்லை என்றும் சொல்லுங்கள்.

என்றும் நன்றியுடன்,
செயலாளர்,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்,
கிளிநொச்சி