செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, மதுரை நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் கேபிள் டிவி, இன்டர்நெட், சிசிடிவி வேலை பார்க்கும் உறுப்பினர்களே, அவர்களோடு வந்திருக்கும் லைன்மேன் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். செயற்குழுக் கூட்டங்களின் தீர்மானப் புத்தகம் மேசையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சந்தாவும் வரவு செலவும் பொருளாளர் வாசிப்பார். தொலைத்தொடர்பு வழியுரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. ரோட்டோரம் புதிதாகக் கேபிள் போடுகிறவர்கள் பழைய அனுமதிக் கடிதத்தை நம்பிக் குழி தோண்ட வேண்டாம்.

இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்ட பொருள் கேபிளைத் தாங்குவதும் கட்டுவதும்தான். "நெட் விட்டு விட்டு வருது" என்ற புகாருக்கு முதலில் பெட்டியை மாற்றுகிறோம், பிறகு அடாப்டரை மாற்றுகிறோம், கடைசியில்தான் கம்பத்தில் ஏறுகிறோம். ஏறிப் பார்த்தால் கேபிளைக் கட்டும் பிளாஸ்டிக் டை இறுகிய இடத்திலோ, கிளிப் ஆணி அடித்த இடத்திலோ, கொக்கி வளைத்த இடத்திலோ பழுது உட்கார்ந்திருக்கிறது. கேபிள் தானாகக் கெடுவது குறைவு. நாம் பிடித்த இடத்தில்தான் கெடுகிறது. எனவே நம் உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே முறையில் கட்ட வேண்டும் என்று செயற்குழு முடிவெடுத்தது. அந்த முறையைக் கீழே விளக்கியிருக்கிறேன்.

முதலில் நைலான் டை. கை பலம் கொண்ட மட்டும் இழுத்து, மிச்ச வாலை ஒட்ட வெட்டிவிட்டால் வேலை சுத்தமாகத் தெரியும். அந்த இடத்தில், நாலு ஜோடி செம்புக் கம்பி ஓடும் கேட்-6 நெட்வொர்க் கேபிளின் உறையை உரித்துப் பாருங்கள். உருண்டையாக இருக்க வேண்டிய கேபிள் நசுங்கி முட்டை வடிவமாகியிருக்கும், ஜோடிகளின் முறுக்கு விலகியிருக்கும், நடுவில் ஓடும் பிளாஸ்டிக் பிரிப்பான் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஜோடிகளின் முறுக்கும் அவற்றுக்கு இடையிலான தூரமும் மாறினால் ரிட்டர்ன் லாஸும் (சிக்னல் திரும்பி வருவது) கிராஸ்டாக்கும் (ஒரு ஜோடியின் சிக்னல் இன்னொன்றில் கலப்பது) கெடும். ஒரே ஒரு இறுகிய கட்டு பெரிதாகக் காட்டாது. ஆனால் அரை மீட்டருக்கு ஒன்று என்று அளந்து வைத்து இறுக்கினால் வினை வந்து சேரும். ஒவ்வொரு கட்டிலிருந்தும் திரும்பும் சிறு எதிரொலிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஏதோ ஒரு அலைவரிசையில் பெரிதாகிவிடும். அளவாகக் கட்டுவது கண்ணுக்கு அழகு, கேபிளுக்குக் கேடு. இடைவெளியைக் கொஞ்சம் முன்பின் மாற்றியே கட்டுங்கள்.

கட்டு சரியா என்பதற்கு விரல்தான் அளவுகோல். கட்டி முடித்ததும் டையை விரலால் தள்ளினால் கேபிள் மேல் நகர வேண்டும். நகராவிட்டால் வெட்டிவிட்டு வேறு போடுங்கள். கட்டிடத்துக்குள், ரேக்கில், டிரேயில் நைலானே வேண்டாம், வெல்க்ரோ பட்டை போதும். அகலமாகப் பிடிக்கும், நாளைக்கு ஒரு கேபிள் சேர்க்க வேண்டுமானால் அவிழ்த்துக் கட்டலாம். வெளியில் கட்டாயம் நைலான்தான் என்றால், புற ஊதா தாங்கும் கறுப்பு டை மட்டுமே. வெள்ளை டை நம் வெயிலில் கொஞ்ச காலத்திலேயே நொறுங்கி உதிரும். கத்திரி வெயிலில் உறை இளகும்போது இறுகிய டை உள்ளே பதிந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் கட்டும்போது சரியாக இருந்தது மே மாத மதியத்தில் கடிக்கும்.

ஃபைபருக்கு, அதாவது ஒளி ஓடும் கண்ணாடி இழைக்கு, நசுங்கலை விட வளைவுதான் பெரிய பகை. கம்பத்திலிருந்து வீட்டுக்குப் போகும் ட்ராப் கேபிளில் உள்ள ஜி.657 ஏ1 இழை 10 மி.மீ. ஆரம் வரை தாங்கும், ஏ2 என்றால் 7.5 மி.மீ. மெயின் லைனில் ஓடும் ஜி.652டி இழைக்கு 30 மி.மீ. வேண்டும். இவை இழைக்கான கணக்கு. முழுக் கேபிளுக்கு, இழுக்கும்போது அதன் தடிமனைப் போல் 20 மடங்கு ஆரமும், கட்டி நிறுத்திய பிறகு 10 மடங்கும் வைத்துக்கொள்ளுங்கள். கேட்-6க்கு 4 மடங்கு போதும். 6 மி.மீ. கேபிள் என்றால் சுமார் 25 மி.மீ. ஆரத்துக்குக் குறையாமல் திருப்ப வேண்டும்.

பழுது வளைவிலா, ஸ்ப்ளைஸிலா (இழைகளை உருக்கி ஒட்டிய இணைப்பு) என்று தெரிந்துகொள்ள ஓடிடிஆரை (இழையில் எந்த இடத்தில் எவ்வளவு ஒளி இழக்கிறது என்று காட்டும் கருவி) 1310, 1550 நானோமீட்டர் என்ற இரண்டு அலைநீளத்திலும் ஓட்டுங்கள். ஒரே இடத்தில் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே இழப்பு காட்டினால் ஸ்ப்ளைஸைச் சந்தேகப்படுங்கள். 1310இல் ஒன்றுமில்லாமல் 1550இல் படிக்கட்டு இறங்கினால் அங்கே எவரோ கேபிளை மடக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஜிபானில் (ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை) வீட்டிலிருந்து மேலே போவது 1310, வீட்டுக்குக் கீழே வருவது 1490. அதே இழையில் கேபிள் டிவியும் சேர்த்து ஓட்டுகிறவர்களுக்கு டிவி சிக்னல் 1550. அதனால்தான் ஒரே வீட்டில் நெட் நன்றாக இருக்க, டிவி மட்டும் கட்டம் கட்டமாக உடைகிறது. ஒளியின் பலத்தை அளக்கும் பவர் மீட்டரைச் சொருகி வைத்துக்கொண்டே சந்தேகமான டையை வெட்டுங்கள். அளவு உடனே மேலேறினால் பழுது அதுதான். ஏறாவிட்டால் வேறு கட்டுக்குப் போவதற்கு முன், இழைக்கே காயம் பட்டிருக்கிறதா என்று அந்த இடத்திலேயே பாருங்கள். வீட்டில் வைக்கும் ஓஎன்டி பெட்டி −27 டிபிஎம் (ஒளி பலத்தின் அளவு) வரை பிடிக்கும் என்பது பெட்டியின் எல்லை. −25க்குக் கீழே ஒரு இணைப்பைக் கொடுத்துவிட்டு வருவது புகாரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருவதுதான்.

அடுத்து, தெருவைக் கடக்கும் ட்ராப். இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது, அதனால் விரிவாகச் சொல்கிறேன். எஃகு கம்பியோடு வரும் தட்டை ட்ராப் கேபிள் கிலோமீட்டருக்குச் சுமார் 20 கிலோ எடை. 40 மீட்டர் இடைவெளியில் 40 செ.மீ. தொய்வு விட்டுக் கட்டினால் கம்பியில் வரும் இழுப்பு சுமார் 10 கிலோ. அழகுக்காக இழுத்துத் தொய்வை 10 செ.மீ. ஆக்கினால் அதே கம்பியில் 40 கிலோ. தொய்வு பாதியானால் இழுப்பு இரட்டிப்பு என்பதை மனதில் வைத்தால் போதும். இந்த வகைக் கேபிளுக்கு நிரந்தரமாகத் தாங்கக்கூடிய இழுப்பு பொதுவாக 300 நியூட்டன், அதாவது 30 கிலோ. காற்று, காக்கை, அறுந்த பட்டத்தின் நூல் எதுவும் சேராமலேயே நாம் எல்லையைத் தாண்டிவிடுகிறோம். இடைவெளியில் நூற்றுக்கு ஒன்று தொய்வு என்பது நம் சங்கத்தின் கணக்கு. மதிய வெயிலில் கட்டும்போது கம்பி நீண்டிருக்கும், மார்கழி விடியலில் அது சுருங்கி இழுப்பு ஏறும். ஆகவே மதியத்தில் கட்டுகிறவர்கள் தொய்வை இன்னும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள்.

கம்பத்தில் நிறுத்தும் முறை இது. எஃகு கம்பியை மட்டும் கேபிளிலிருந்து அரை மீட்டருக்குப் பிரித்தெடுங்கள். பிரிக்கும்போது பிளேடு கம்பிப் பக்கம் சாய்ந்திருக்கட்டும், இழைப் பக்கம் ஒரு கீறல்கூட விழக்கூடாது. கம்பியைக் கிளாம்பின் தண்டில் ஐந்தாறு சுற்று சுற்றிப் பூட்டி, கிளாம்பைக் கம்பத்துப் பிராக்கெட்டில் மாட்டுங்கள். இழுப்பு முழுவதும் எஃகில் நிற்க வேண்டும். இழை உள்ள பகுதி ஒரு கை அளவு வளைந்து, எதையும் தாங்காமல், சும்மா தொங்க வேண்டும். வீட்டுச் சுவரிலும் இதே கிளாம்புதான். ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டு நிறுத்துவதை இனி யாரும் செய்ய வேண்டாம். முடிச்சின் ஆரம் எந்தக் கணக்கிலும் வராது. சுவரில் நுழையும் முன் கேபிளை ஓட்டைக்குக் கீழே இறக்கி மேலேற்றுங்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் அந்தத் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும், வீட்டுக்குள் போகாது.

மின்கம்பத்தில் அனுமதி பெற்ற இடமாக இருந்தாலும் எஃகு கம்பி உள்ள கேபிள் வேண்டாம். உலோகமே இல்லாத கேபிளை மட்டும், மின்கம்பிக்குப் போதிய தூரம் கீழே கட்டுங்கள். இதில் நம் சங்கம் யாருக்கும் விட்டுக்கொடுக்காது.

நடுவில் உலோகக் கம்பி ஓடும் கோஆக்ஸ் டிவி கேபிள் வைத்திருப்பவர்களுக்கு: அதில் தடித்த வகையான ஆர்ஜி-11ஐத் துத்தநாகம் பூசிய ஜிஐ கம்பியோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் முறுக்குவது இன்னும் நடக்கிறது. கட்டுக்கம்பி காற்றில் ஆடி ஆடி உறையை அறுக்கும், தண்ணீர் உள்ளே போய் அலுமினியத் தாள் பொடியாகும். நசுங்கிய இடத்தில் கேபிளின் 75 ஓம் மின்மறுப்பு மாறி சிக்னல் திரும்பி அடிக்கும். சுவரில் கிளிப் அடிக்கும்போது கேபிளுக்கேற்ற அளவு எடுங்கள், மெல்லிய ஆர்ஜி-6க்கு 7 மி.மீ. கிளிப். ஆணியின் தலை கிளிப்பைத் தொட்டதும் சுத்தியலை நிறுத்துங்கள். பாதிச் சேதம் அதற்கு மேல் விழும் கடைசி அடியில் நடக்கிறது.

கட்டிட வேலையில் சில அளவுகள். கொக்கிகளுக்கு இடையில் 1.2 முதல் 1.5 மீட்டர். ஃபால்ஸ் சீலிங் தகட்டின் மேல் கேபிளைப் போட்டு வைக்காதீர்கள். கேட்-6ஐ இழுக்க 11 கிலோவுக்கு மேல் பலம் கூடாது, அடம்பிடித்தால் பைப்பில் எங்கோ சிக்கியிருக்கிறது என்று பொருள். 25 மி.மீ. பைப்பில் ஐந்து கேட்-6க்கு மேல் திணிக்காதீர்கள். வழுக்குவதற்கு என்ஜின் ஆயில், தேங்காய் எண்ணெய் தடவுவது உறையை ஊறவைத்துவிடும், அதற்கென்று விற்கும் ஜெல் வாங்குங்கள். கேபிள் வழியே கரண்ட் போகும் கேமராக்களுக்கு ஒரு கட்டில் 24 கேபிளுக்கு மேல் வேண்டாம், நடுவில் உள்ளவை சூடேறும். முனையில் ஜோடியின் முறுக்கை 13 மி.மீ.க்கு மேல் பிரிக்காதீர்கள்.

ஜாயின்ட் பெட்டி பற்றி ஒன்று. ஃபைபர் கேபிளுக்குப் பலம் தரும் நடு ராடைப் பெட்டிக்குள் திருகில் பூட்டாமல் விட்டால், வெயிலுக்கும் குளிருக்கும் ராடு உள்ளே வெளியே நகர்ந்து இழைகளை ஒடிக்கும். பெட்டியின் இரு பக்கமும் 10 முதல் 15 மீட்டர் லூப் விடுங்கள், பெட்டியைக் கீழே இறக்கி உட்கார்ந்து ஸ்ப்ளைஸ் போட அது வேண்டும். லூப்பின் விட்டம் 60 செ.மீ. இருக்கட்டும், நாலு இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள். அழகர்கோயில் பக்கம் வேலை பார்ப்பவர்கள் லூப்பைக் குரங்கு கைக்கு எட்டும் கிளையிலிருந்து தள்ளி வையுங்கள்.

2024 சித்திரைத் திருவிழாவில் ஏப்ரல் 22 தேரோட்டம், 23 அழகர் ஆற்றில் இறங்கினார். மாசி வீதிகளைக் கடக்கும் ட்ராப்களைத் தேருக்காக வெட்டிவிட்டுப் பிறகு ஜாயின்ட் போடுவது சிலரிடம் பழக்கமாக இருக்கிறது. உருக்கி ஒட்டாமல் கையால் மாட்டும் ஃபாஸ்ட் கனெக்டர் ஒன்றுக்கே ஒளியில் 0.3 முதல் 0.5 டிபி வரை இழப்பாகப் போகும். வெட்ட வேண்டாம். ஒரு பக்கக் கிளாம்பைப் பிராக்கெட்டிலிருந்து கழற்றி, கேபிளை எதிர்க் கம்பத்தில் வட்டமாகச் சுற்றி மாட்டி வையுங்கள், தேர் நிலைக்கு வந்த பின் திரும்ப மாட்டலாம். இதற்காகவே வீட்டுப் பக்கம் மிச்ச நீளம் விடச் சொல்கிறோம். மேலூர், வாடிப்பட்டி, அலங்காநல்லூர் பக்கத்து உறுப்பினர்கள் அறுவடை தொடங்கும் முன்பே தெருக்களைச் சுற்றிப் பார்த்துத் தாழ்ந்த கேபிளை உயர்த்திவிடுங்கள். வைக்கோல் லாரி ஒன்று மாட்டி இழுத்தால் கேபிளோடு கம்பத்துப் பிராக்கெட்டும் வீட்டுச் சுவரும் சேர்ந்து போகும்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைக்கும் வேலைகள்: வெல்க்ரோ பட்டை, கறுப்பு டை, ட்ராப் கிளாம்ப் மூன்றையும் சங்கம் மொத்தமாக வாங்கி அடக்க விலைக்கு உறுப்பினர்களுக்குக் கொடுப்பது. சங்க அலுவலகப் பின்பக்கத்தில் தாழ்வான பயிற்சிக் கம்பம் இரண்டு நட்டு, புதிதாகச் சேரும் தம்பிகளுக்கு கிளாம்ப் போடவும் தொய்வு அளக்கவும் சொல்லிக்கொடுப்பது. ஓடிடிஆர் இல்லாத உறுப்பினர்கள் முன்பதிவு செய்து எடுத்துப்போகச் சங்கக் கருவி ஒன்று வாங்குவது, அதற்கான தொகையைப் பொருளாளர் தம் கணக்கில் சொல்வார். மாசி வீதிகளில் யாருக்கும் சொந்தமில்லாமல் தொங்கும் செத்த கேபிள்களை, அந்தந்தப் பகுதி உறுப்பினர்கள் சேர்ந்து அடையாளம் பார்த்து, அடுத்த தேரோட்டத்துக்கு முன் இறக்கிவிடுவது.

இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்
மதுரை