கயிற்றைப் பிடிக்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். உன் நலமறிய ஆவல்.

நண்பர்களோடு சேர்ந்து, பனியில் ஓடும் எஞ்சின் வண்டியான ஸ்னோமொபைலின் பின்னால் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு ஸ்னோபோர்டில், அதாவது இரு கால்களையும் ஒரே பலகையில் வைத்துச் சறுக்கும் பனிப்பலகையில், போகப் போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் உன் அம்மா, "இது என்ன புதுப் பைத்தியம்?" என்று கேட்டாள். பைத்தியமா இல்லையா என்பதை விட்டுவிடுவோம். புதிது இல்லை என்று மட்டும் அவளிடம் சொன்னேன். 1928-இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கிலேயே, மேலே ஆளில்லாத குதிரைகளின் பின்னால், நீண்ட வாரைப் பிடித்துக்கொண்டு பனிச்சறுக்கு வீரர்கள் விரைந்து செல்லும் பந்தயம் காட்சிப் போட்டியாக இடம்பெற்றிருந்தது. கனடாக்காரரான ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியே 1959-இல் ஸ்கி-டூ என்ற ஸ்னோமொபைலை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1965-இல் அமெரிக்கரான ஷெர்மன் பாப்பன் தன் பெண் பிள்ளைகள் விளையாடுவதற்காக, காலுக்கு ஒன்றாக மாட்டும் நீண்ட பனிச்சறுக்குப் பலகைகளான ஸ்கீகளில் இரண்டை ஒன்றாக இணைத்துச் செய்த ஸ்னர்ஃபர்தான் இன்றைய ஸ்னோபோர்டுக்கு முன்னோடி. அதன் மூக்கிலும் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இருந்தது. ஆகவே உன்னைத் தடுப்பதற்காக இதை எழுதவில்லை. பல பனிக்காலங்கள் ஸ்னோமொபைல் ஓட்டியவன் என்ற முறையில், முன்னால் உட்கார்ந்திருப்பவன் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல நினைக்கிறேன்.

மலைச்சரிவில் இறங்கும்போது உன் வேகம் உன் காலில் இருக்கிறது; பலகையைக் குறுக்கே திருப்பினால் நின்றுவிடலாம். கயிற்றைப் பிடித்த பிறகு அந்த வேகம் இன்னொருவரின் வலது கட்டைவிரலுக்குப் போய்விடுகிறது. ஸ்னோமொபைலின் ஆக்சிலரேட்டர் கால் மிதியாக இருக்காது; வலது கைப்பிடியை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தும் சிறு நெம்புகோலாகவே இருக்கும். தடித்த கையுறைக்குள் இருக்கும் விரல் கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிட்டால், இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி முன்னால் பாயும், அந்த வெட்டிழுப்பு முழுவதும் உன் தோளில் வந்து இறங்கும். விரலை எடுத்துவிட்டால் அதைவிடச் சிக்கல்: அடியில் ஓடும் ரப்பர் பட்டை வண்டியின் வேகத்தைச் சட்டென்று தளர்த்திவிடும், நீயோ வந்த வேகத்திலேயே வழுக்கிக்கொண்டு வருவாய், கயிறு தொய்ந்து உன் பலகைக்கு முன்னால் வளையமாகக் கிடக்கும். ஓட்டுபவர் அதைக் கவனிக்காமல் மறுபடியும் அழுத்தும்போதுதான் ஆள் குப்புற விழுவது நடக்கிறது. நான் பார்த்த விழுதல்களில் பெரும்பாலானவை அதிக வேகத்தால் வந்தவை அல்ல, தொய்ந்த கயிற்றால் வந்தவை. புறப்படும்போது கயிறு விறைக்கும்வரை வண்டி ஊர்ந்துதான் போக வேண்டும். நடுவழியில் தொய்வு விழுந்தால், நீ பலகையை ஒரு பக்க விளிம்பில் சாய்த்து, சற்றே வெளிப்பக்கம் ஒதுங்கிப் போனால் அது தானாக எடுபட்டுவிடும்.

நிற்கும் முறையிலும் ஒரு வேறுபாடு உண்டு. இழுப்பு முன்னாலிருந்து வருவதால் தோள்கள் தாமாகவே வண்டியை நேராகப் பார்க்கத் திரும்பும். தோள் திரும்பினால் பின்கால் விலகும், பலகை குறுக்கே போகும். கைப்பிடியை முன்பக்க இடுப்புக்கு அருகில் தாழ்த்திப் பிடித்து, முழங்கையையும் முழங்காலையும் சற்று மடக்கி, எடையைக் கொஞ்சம் பின்னால் வைத்துக்கொள். பலகையைத் தட்டையாக விடாதே. எந்த நேரமும் குதிகால் பக்கமோ விரல் பக்கமோ ஏதாவது ஒரு விளிம்பு பனியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிர்ப்பக்க விளிம்பு திடீரென்று பனியில் கொத்திக்கொள்ளும்.

இனி முக்கியமான சங்கதி. இங்கே உடும்புப்பிடி ஆகாது. கயிற்றை மணிக்கட்டில் சுற்றுவது, இடுப்பில் கட்டுவது, கைப்பிடிக்குள் முழங்கையை நுழைப்பது, இவை எதையும் ஒரு நொடிக்குக்கூடச் செய்யாதே. யாராவது வேடிக்கையாகச் சொன்னாலும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடு. உன்னிடம் இருக்கும் ஒரே பிரேக், கையை விடுவது. அதுவும் பாதி பிரேக்தான். நீர்ச்சறுக்கில் கயிற்றை விட்டவர் தண்ணீரில் மெல்ல அமிழ்ந்து நின்றுவிடுவார். பனியில் கயிற்றை விட்ட பிறகும் நீ அதே வேகத்தில் போய்க்கொண்டிருப்பாய், மீதியைப் பலகையைக் குறுக்கே திருப்பித்தான் முடிக்க வேண்டும். அதனால் முதல் நாள் முழுவதும், நடை வேகத்திலிருந்து தொடங்கி, விடுவதையும் நிறுத்துவதையும் மட்டுமே பழகினாலும் அந்த நாள் வீண் இல்லை.

வளைவுகளில் கூடுதல் கவனம் வேண்டும். வண்டி திரும்பும்போது நீ வெளிவட்டத்தில் வீசப்படுகிறாய், அதே நேரத்தில் அதிக தூரத்தைக் கடக்கிறாய். சாட்டையின் பிடி மெதுவாக அசைந்தாலும் நுனி விசையோடு வீசுவதைப் போல, ஓட்டுபவரின் வேகமானி காட்டுவதைவிட உன் வேகம் கூடுதலாக இருக்கும். இருபது கிலோமீட்டர் வேகம் நாற்பதானால் மோதும் ஆற்றல் இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். மரமோ கம்பமோ வேலியோ அருகில் இல்லாத அகன்ற வெளியைத் தேர்ந்தெடுங்கள், திருப்பங்களைப் பெரிதாக எடுக்கச் சொல். வீச்சு தாங்கவில்லை என்று தோன்றினால் வளைவு முடியும்வரை காத்திருக்காமல் விட்டுவிடு.

ஓட்டுபவர் முன்னால் பார்க்க வேண்டியவர்; எஞ்சின் சத்தத்தில் உன் குரலும் அவருக்குக் கேட்காது. ஆகவே வண்டியில் இன்னொருவர் உன்னையே பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும், கண்ணாடி அதற்கு ஈடாகாது. கட்டைவிரல் மேலே என்றால் வேகம், கீழே என்றால் மெது, கழுத்தின் குறுக்கே கை என்றால் நிறுத்து என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். நீ விழுந்தால் வண்டி அகன்ற வட்டமாகத் திரும்பி மெதுவாக வரட்டும். நின்ற இடத்திலிருந்து பின்னோக்கி எடுத்தால் தளர்ந்த கயிறு பட்டைக்குள் சிக்கிவிடும், அதை உருவி எடுப்பதற்குள் பொழுது போய்விடும். எஞ்சினை அணைக்கும் பாதுகாப்புக் கயிறு ஓட்டுபவரின் உடையில் மாட்டியிருக்கிறதா என்று நீயே பார்.

கயிறு குட்டையாக இருந்தால் பட்டை வாரியடிக்கும் பனித்துகளும் புகையும் நேராக உன் முகத்துக்கு வரும், வண்டி திடீரென்று நின்றால் ஒதுங்கவும் இடமிராது. நீர்ச்சறுக்குக்குப் பயன்படும் பதினைந்து, இருபது மீட்டர் நீளக் கயிறே நல்லது. ரப்பர் போல நீளும் கயிறு வேண்டாம். விட்ட கணத்தில் அது கைப்பிடியோடு தெறித்துப் பாயும். ஹெல்மெட், கண்ணாடி பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. மணிக்கட்டுக் காப்பை மட்டும் மறக்காதே. புதிதாகப் பழகுகிற ஸ்னோபோர்டர்களுக்கு அதிகம் அடிபடும் இடம் அதுதான், உள்ளங்கையை விரித்து ஊன்றுவதால். குளிரையும் கணக்கில் எடு: மைனஸ் 10 டிகிரியில், காற்றே இல்லாவிட்டாலும், 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் உன் கன்னத்துக்கு அது மைனஸ் 21 டிகிரி போலத்தான் படும்.

உறைந்த ஏரியில் போவதாக இருந்தால், ஆள் நடக்கப் போதுமான பனிக்கட்டி வண்டிக்குப் போதாது. தெளிவான புதுப் பனிக்கட்டியில் நடப்பதற்குப் பத்து சென்டிமீட்டர் என்றால், ஸ்னோமொபைலுக்குப் பதின்மூன்று முதல் பதினெட்டு சென்டிமீட்டர் வரை வேண்டும் என்பது பொதுக் கணக்கு. வெண்மையாக இருக்கும் கட்டிக்குப் பாதி வலிமைதான். துளையிட்டு அளக்காமல் இறங்காதீர்கள், ஓடை வந்து கலக்கும் இடத்துக்கு அருகே போகவே போகாதீர்கள். செங்குத்தான சரிவுகளின் அடிவாரம் உங்கள் பாதையில் இருந்தால் அன்றைய பனிச்சரிவு அறிவிப்பைப் பார்க்காமல் புறப்பட வேண்டாம்.

அடுத்த கடிதத்தில் ஓட்டப்போவது யார் என்று எழுது. அவர் ஒரு முறையாவது கயிற்றின் பின்முனையில் நின்று பார்த்தவரா என்று கேட்டுவிட்டு எழுது. இல்லையென்றால், முதலில் அவரைக் கயிற்றைப் பிடிக்கச் சொல்லி, வேறு அனுபவசாலி ஒருவர் மெதுவாக இழுக்கட்டும். வண்டியில் உன்னைப் பார்த்தபடி உட்காரப்போவது யார் என்பதையும் சேர்த்து எழுது. அம்மா அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா